ஊர்ப்பெயர் சுமந்த நீலம்

ஊருக்குள் இருக்கும்வரை யாருக்கும் ஊர்ப்பெயர் ஒட்டுவதில்லை. பனித்திட்டில் என்னை எவரும் பனித்திட்டுக்காரன் என்று அழைத்ததில்லை. அங்கே நான் இன்னார் மகன், இன்னார் பேரன். கடலூர்ச் சாலையில் பேருந்தேறிப் புதுச்சேரிக்குப் படிக்கச் சென்ற முதல் வாரத்திலேயே அந்தப் பெயர் வந்து சேர்ந்துவிட்டது. 'இண்டிகோ' என்ற ஆங்கிலச் சொல்லின் கதையும் ஏறக்குறைய இதுதான்.

கிரேக்கர்கள் இச்சாயத்தை 'இந்திகோன்' என்றார்கள். இந்தியாவிலிருந்து வந்தது என்பதற்கு மேல் அதில் பொருள் ஏதுமில்லை. லத்தீனில் அது 'இந்திகும்' ஆயிற்று. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய அறிஞர் பிளினி, அதை நாணல்களில் ஒட்டியிருக்கும் ஒருவகைச் சேறு என்று எழுதிவைத்தார். கட்டி கட்டியாகச் சாயம் வந்து இறங்கியதே தவிர, செடி அவர் கண்ணில் படவில்லை. பிறகு ஐரோப்பிய மொழிகள் வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் புகுந்து செடி, சாயம், நிறம் மூன்றுக்கும் ஒரே பெயராக நின்றது. 1704இல் வெளியான தம் ஒளியியல் நூலில் நியூட்டன் நிறமாலையை ஏழாக வகுத்தபோது இந்நிறத்துக்கும் ஓர் இடம் தந்தார். இசையின் ஏழு சுரங்களோடு நிறங்களும் பொருந்த வேண்டும் என்ற விருப்பம் அவருக்கு இருந்தது.

நம் பக்கத்தில் இந்தச் செடிக்கு அவுரி என்று பெயர். எங்கள் ஆயா அவுரி இலையைக் கரிசலாங்கண்ணியோடு அரைத்துத் தலைக்கு எண்ணெய் காய்ச்சுவார். அவருக்கு அது கூந்தலைக் கருக்க வைக்கும் மூலிகை, அவ்வளவே. மஞ்சள் என்றால் நமக்குக் கிழங்கும் அதுவே, நிறமும் அதுவே. அவுரிக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. பள்ளிப் பாடத்தில் வானவில்லின் 'இண்டிகோ'வுக்குக் கருநீலம் என்ற சொல்லைத்தான் கற்றோம். நிகண்டுகள் அறிந்த 'நீலி' என்ற பெயர் மட்டும் செடியையும் நிறத்தையும் சேர்த்துப் பிடித்திருந்தது. வடமொழியோடு பொதுவான அந்தச் சொல் அரபியில் 'அந்நீல்' ஆகி, போர்த்துகீசியத்தில் 'அனில்' ஆகி, 1840 வாக்கில் பிரிட்ஷே என்ற வேதியியலாளர் நீலச்சாயத்தைக் காய்ச்சி வடித்த பொருளுக்கு 'அனிலின்' என்ற பெயராயிற்று.

அவுரி நிறப்பெயராகாததில் ஒரு நியாயமும் உண்டு எனத் தோன்றுகிறது. அதன் இலையில் நீலம் இல்லை. அறுத்த தழையைத் தொட்டியில் ஊறப்போட்டால் மஞ்சளும் பச்சையும் கலந்த நீர் இறங்கும். அந்த நீரை அடுத்த தொட்டிக்கு வடித்து, ஆட்கள் இறங்கி மணிக்கணக்கில் அடித்துக் கலக்க வேண்டும். காற்றுப் பட்ட பிறகே நீலம் பிறக்கும். அடியில் படியும் வண்டலைக் காய்ச்சிப் பிழிந்து கட்டியாக்கினால் அது சரக்கு. ஆக, செடியை விட்டு வெளியேறியபின்தான் நிறம். நாட்டை விட்டு வெளியேறியபின்தான் பெயர்.

இதே மண்ணின் இன்னொரு பெயரையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரியிலிருந்து கப்பலேறிய நீலத்துணிக்குக் 'கினே' என்று பெயர். மேற்கு ஆப்பிரிக்காவின் கினியா கரையை வைத்து வந்த பெயர் அது. 18ஆம் நூற்றாண்டில் இந்தியத் துணிகள் அக்கரையில் அடிமைகளுக்கு விலையாகவும் கொடுக்கப்பட்டன. 19ஆம் நூற்றாண்டில் செனகல் ஆற்றங்கரையில் இந்த நீலத்துணி நாணயம்போலவே புழங்கியது. அதைக் கொடுத்துக் கருவேலம் பிசின் வாங்கினார்கள்.

சாயத்துக்கு அது வந்த நாட்டின் பெயர். துணிக்கு அது போய்ச் சேர்ந்த கரையின் பெயர். இரண்டும் வணிகர்கள் சரக்கு மூட்டைமேல் எழுதத்தக்க பெயர்கள். தொட்டியில் இடுப்பளவு நீரில் நின்றவனும், தறியில் அமர்ந்தவனும், அந்தத் துணிக்கு ஈடாக விற்கப்பட்டவனும் இரண்டிலும் இல்லை. வங்கத்தில் 1859இல் நீலம் பயிரிட மறுத்துக் கிளர்ந்த குடியானவர்களையும், 1917இல் காந்தி சென்று கண்ட சம்பாரண் உழவர்களையும் அகராதியின் அந்த ஒற்றைவரிப் பொருளுக்குள் தேடினால் கிடைக்கமாட்டார்கள். சொற்பிறப்பு ஒரு சொல் நடந்துவந்த வழியைக் காட்டும். சுமந்து வந்தவர்களைக் காட்டாது.

1897இல் ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன்பின் இருபதாண்டுகளுக்குள் இந்திய அவுரிச் சாகுபடி பெருமளவு சுருங்கிப்போனது. இன்று உலகமெங்கும் உடுத்தப்படும் ஜீன்ஸ் துணிக்கு நீலம் கொடுப்பது பெரும்பாலும் ஆலையில் செய்த சாயம்தான். இந்தியாவிலிருந்து வராத அந்தச் சாயத்துக்கும் 'இந்தியாவினுடையது' என்றே பெயர் நீடிக்கிறது. திண்டிவனம் பக்கத்துக் காடுகழனிகளில் இப்போதும் அவுரி பயிராகிறது. அறுப்பவர்கள் அதை அவுரி என்றே சொல்கிறார்கள்.