மூணு கோடு தப்பு!

'போர் கேஜ்'னு ஒரு கருவி. நீங்க மெக்கானிக்கல்னா லேப்ல பார்த்திருப்பீங்க. ஆர்ட்ஸ், சயின்ஸ் மக்களே, பக்கத்தைத் திருப்பிடாதீங்க... இது போரடிக்கிற கேஜ் இல்லை, துளையோட உள்விட்டத்தை அளக்கிற கேஜ்!

நீளமா ஒரு கைப்பிடி. மேலே கடிகாரம் மாதிரி ஒரு டயல். கீழே ரெண்டு பக்கமும் நீட்டிக்கிட்டிருக்கும் ரெண்டு முனைகள். ஒண்ணு நகராது, இன்னொண்ணு உள்ளே அழுந்தும். எவ்வளவு அழுந்துதுன்னு டயல் முள் காட்டும். ஒரு சின்னக் கோடு, 0.01 மில்லிமீட்டர்.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. ஸ்கேல் மாதிரி 'இது 50 மில்லிமீட்டர்'னு இது சொல்லாது. 'நீ முதல்ல காட்டின அளவைவிட இது இத்தனை கோடு பெருசு, இல்லைன்னா சின்னது'னு மட்டும்தான் சொல்லும். ஜீரோ எதுன்னு நாமதான் அதுக்குச் சொல்லித் தரணும். நான் தப்பா சொல்லித் தந்தேன். அந்தக் கதைதான் இது.

மூணாவது வருஷ லீவுல கோயமுத்தூர்ல ஒரு போரிங் பட்டறையில இன்டர்ன்ஷிப். தேய்ஞ்சுபோன இன்ஜின் சிலிண்டரைக் கடைஞ்சு, ஹோனிங் கல்லால தேய்ச்சு, புது பிஸ்டனுக்குத் தயார் பண்ணித் தர்ற இடம். அங்கே ஹோனிங் மெஷின் பார்க்கிற அண்ணனுக்கு என் அப்பா வயசு. முதல் நாளே, ''அம்மிணி, வேடிக்கை பாக்கறதுன்னா சினிமாவுக்குப் போ. இங்க வந்தா கை அழுக்காகணும்''னு சொல்லி, பனியன் வேஸ்ட் ஒரு கொத்தைக் கையில திணிச்சிட்டார்.

ரெண்டாவது வாரம், பால் ஊத்துறவர் ஒருத்தரோட நூறு சிசி பைக் சிலிண்டர் வந்தது. ஒரிஜினல் துளை 50 மில்லிமீட்டர். தேய்ஞ்சிட்டா 0.25 பெரிய பிஸ்டன் போடலாம். அடுத்த தடவை 0.50, அப்புறம் 0.75, கடைசியா 1.00. ஆக, அந்த சிலிண்டருக்கு இன்னும் நாலு ஆயுசு. அடுத்த நாள் விடியறதுக்கு முன்னாடி அவருக்கு வண்டி வேணும். கேன் ரெண்டும் பைக்லதானே போகுது!

புது பிஸ்டனை மைக்ரோமீட்டர்ல அளந்தோம்... 50.22. பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவுல 0.03 இடைவெளி வேணும்னு அண்ணன் சொன்னார். அப்போ துளை 50.25. போரிங் மெஷின்ல 50.20 வரைக்கும் கடைஞ்சாச்சு. மிச்சம் அஞ்சு கோடு ஹோனிங்ல வரணும்.

''கேஜை நீ செட் பண்ணு அம்மிணி. காலேஜ்ல படிச்சிருப்பியே!''

ஆஹா... படிச்சிருக்கேனே! மைக்ரோமீட்டரோட ஜீரோவை 50 மில்லிமீட்டர் செட்டிங் ராடு வச்சு சரிபார்த்தேன். 50.25-ல நிறுத்தி லாக் பண்ணி, துணி சுத்தி, வைஸ்ல மெதுவா பிடிச்சேன். கேஜுக்குப் பொருத்தமான ராடைப் போட்டு, மைக்ரோமீட்டரோட ரெண்டு முகத்துக்கும் நடுவுல வச்சு, முன்னும் பின்னும் ஆட்டினேன். முள் வலப்பக்கமா ஓடி, ஓர் இடத்துல நின்னு, திரும்பி வரும். அந்தத் திரும்பற இடம்தான் குறைஞ்சபட்ச நீளம். அங்கே டயலைத் திருப்பி ஜீரோ வச்சேன். எல்லாம் புத்தகத்துல இருக்கிறபடியே!

அண்ணன் ஹோனிங் பண்ணினார். நடுநடுவுல நான் அளந்தேன். துளை சின்னதா இருந்தா முனை அதிகமா அழுந்தும். முள் ஜீரோவைத் தாண்டி வலப்பக்கம் போகும். பெருசா ஆக ஆக, திரும்பற இடம் பின்னாடி வரும். 'கூட்டல் பக்கம் போனா பெருசு'ன்னு நாம நினைக்கிறதுக்கு நேர் எதிர். இங்கேதான் பல பேர் கவுந்திருக்காங்க, நான் கவுரலை. மேல், நடு, கீழ்னு மூணு இடம், ஒவ்வொண்ணுலயும் குறுக்கும் நெடுக்கும்... மொத்தம் ஆறு ரீடிங். ஆறும் ஜீரோ!

''என்னமோ இன்னைக்கு ரொம்ப நேரம் இழுக்குதே''ன்னு முணுமுணுத்துக்கிட்டே அண்ணன் டீ குடிக்கப் போனார்.

சும்மா இருந்திருக்கலாம். ஆனா ஒரு பெருமை... கேஜை மறுபடி மைக்ரோமீட்டர்ல வச்சுப் பார்த்தேன். இந்த முறை பக்கவாட்டுலயும் கொஞ்சம் ஆட்டினேன்.

முள் ஜீரோவைத் தாண்டி மூணு கோடு போய்த் திரும்பிச்சு.

மறுபடி ஆட்டினேன். அதே மூணு கோடு. வயித்துக்குள்ள ஏதோ புரண்டது.

என்ன ஆச்சு தெரியுமா? துளைக்குள்ள வைக்கும்போது, கேஜோட கைடு ரெண்டு பக்கமும் சுவரைத் தொட்டு, பக்கவாட்டுல சாயாம பார்த்துக்கும். நாம முன்னும் பின்னும் ஆட்டினா போதும். மைக்ரோமீட்டரோட முகம் ரொம்பச் சின்னது. அங்கே கைடு சரியா உட்காராது. ரெண்டு திசையிலயும் ஆட்டி, ரெண்டுலயும் குறைஞ்சதைப் பிடிக்கணும். நான் ஒரு திசையில மட்டும் ஆட்டியிருக்கேன். கேஜ் பக்கவாட்டுல சாய்ஞ்சே இருந்திருக்கு. எவ்வளவு சாய்ஞ்சிருக்கும்? ரெண்டே டிகிரி! 50.25-ஐ காஸ் 2-ஆல வகுத்துப் பாருங்க... 50.28. ப்ளஸ் டூல 'இந்த காஸ் தீட்டா எதுக்குத்தான் உதவும்?'னு கேட்டவளுக்குப் பதில் கிடைச்சிடுச்சு.

ஆக, கேஜ் 50.28-ஐ ஜீரோன்னு நம்பிடுச்சு. ஆறு ரீடிங்கும் ஒரே மாதிரி வந்ததுல ஆச்சர்யமே இல்லை. தப்பான ஜீரோவையும் அது அவ்வளவு விசுவாசமா காட்டும். துளை 0.03 பெருசு. ஒரு தலைமுடியில பாதிகூட இல்லை. ஆனா இடைவெளி டபுள் ஆயிடுச்சு. கடைஞ்ச இரும்பை மறுபடி ஒட்ட வைக்க முடியாது.

இப்போ உண்மையைச் சொல்லிடறேன். லேப்ல ரீடிங் சரியா வரலைன்னா சீனியர் ரெகார்டைப் பார்த்து எழுதின கைதான் இது. நீங்களும் எழுதியிருப்பீங்க, பொய் சொல்லாதீங்க! பட்டறையில அப்போ யாரும் பார்க்கலை. டயலை மூணு கோடு திருப்பி வச்சுட்டா முடிஞ்சது கதை. வண்டியும் ஓடும். சத்தம் வர்றதும், ஆயில் குடிக்கிறதும் எப்பவோ. அப்போ நான் காலேஜ்ல இருப்பேன்.

அந்த ரெண்டு நிமிஷம் கேஜைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். கையெல்லாம் வேர்வை. அந்த ரெண்டு பால் கேன்தான் கண்ணுல நின்னுச்சு.

அண்ணன் வந்ததும், ''அண்ணா... நான் ஜீரோ தப்பா வச்சுட்டேன்''னு சொன்னேன்.

திட்டலை. கேஜை வாங்கி, மைக்ரோமீட்டர்ல ரெண்டு பக்கமும் ஆட்டிப் பார்த்தார். துளையை அளந்தார். அப்புறம் போனை எடுத்தார். ''அளவு எங்க பக்கம் தப்பிருச்சுங்க. அடுத்த சைஸ் பிஸ்டன் போட்டுத் தர்றேன். கிட் காசு எங்களுதுங்க. வண்டி ராத்திரிக்குள்ள ரெடியாயிரும்.''

நாலு ஆயுசுல ஒண்ணை நான் தின்னுட்டேன். ''அண்ணா, கிட் காசை நான்...''னு ஆரம்பிச்சேன்.

''காசு கெடக்குது அம்மிணி. இந்தா... இந்தத் தடவையும் நீயே ஜீரோ வை.''

வச்சேன். வெளியே எடுத்து, மறுபடி வச்சு, மறுபடி ஆட்டி... முள் மூணு தடவை தொடர்ந்து அதே இடத்துல திரும்புற வரைக்கும் விடலை. அண்ணன் இன்னொண்ணும் சொல்லித் தந்தார். ஹோனிங் முடிஞ்சதும் சூடா இருக்கிறப்போ கடைசி ரீடிங் எடுக்கக்கூடாது. 10 டிகிரி சூடு கூடினாலே 50 மில்லிமீட்டர் வார்ப்பிரும்புத் துளை அரைக் கோடு விரியும். மண்ணெண்ணெயில கழுவி, ஆற வச்சுத்தான் அளந்தோம். ராத்திரி ஒன்பதரைக்கு சிலிண்டர் ரெடி.

அடுத்த செமஸ்டர் லேப்ல உங்க கைக்கு போர் கேஜ் வந்தா, ரெகார்டைத் தேடி ஓடாதீங்க ஃப்ரெண்ட்ஸ். ரெண்டு பக்கமும் ஆட்டி நீங்களே ஜீரோ வைங்க. அளந்து முடிச்சதும் மறுபடி மைக்ரோமீட்டர்ல வச்சு, அந்த ஜீரோ இன்னும் அங்கேயே இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா, போய்ச் சொல்லிடுங்க.

ஆங்... என் ரெகார்ட் நோட்டை மட்டும் கேட்காதீங்க. தர மாட்டேன்!