தொண்டூர்ப் பாறையும் எட்டுக்கு எட்டுக் கட்டமும்

செஞ்சிக்கு அருகிலுள்ள தொண்டூரில், சமணத் துறவியர் தங்கிய குன்றின் பாறையொன்றில், கி.பி. 3ஆம் நூற்றாண்டினது என்று கல்வெட்டறிஞர்கள் கணிக்கும் சிறிய தமிழ் பிராமிக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. துறவியர்க்கு இருக்கை அமைக்கச் சொன்னவர் யார், அமைத்தவர் யார் என்பதைச் சொல்லி அது நின்றுவிடுகிறது. செய்தி அவ்வளவுதான், ஆனால் அதன் வாசகத்தில் வரும் ழகரமும் னகரமும் கவனிக்கத்தக்கவை. வடபுலத்துப் பிராகிருதத்தை எழுதப் பயன்பட்ட பிராமியில் ழ, ள, ற, ன என்னும் ஒலிகளுக்கு எழுத்துகள் இல்லாதிருக்க, தமிழை எழுத முற்பட்டவர்கள் அந்நான்குக்கும் தனி வடிவங்களை அமைத்துக்கொண்டார்கள். செஞ்சியை ஒட்டிய திருநாதர்குன்றில் சந்திரநந்தி என்னும் துறவி 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டதைச் சொல்லும் கல்வெட்டோ, ஐகாரம் தனி எழுத்தாகக் காணப்படும் மிகப் பழைய இடங்களுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. எழுத்து போதாதபோது இன்னொன்றைச் சேர்த்துக்கொள்வதற்குப் பாறை தடை சொல்வதில்லை.

1980களின் வீட்டுக் கணினிகள் அப்படிப்பட்டவையல்ல. கணினிக்கு எழுத்து என்பது ஓர் எண். எந்த எண்ணுக்கு எந்த வடிவத்தைத் திரையில் காட்டுவது என்று வகுக்கும் பட்டியலே எழுத்துத் தொகுதி எனப்படுகிறது. அமெரிக்காவில் 1963இல் வெளியான ஆஸ்கி என்னும் தரம் ஏழு பிட், அதாவது ஏழு ஆம்-இல்லைக் குறிகள், கொண்டு 128 இடங்களை வகுத்தது. அவற்றுள் அச்சில் தெரிபவை, வெற்றிடத்தையும் சேர்த்து, 95 மட்டுமே. கணினி செய்தவர்கள் இதைத் தத்தம் விருப்பப்படி வளைத்தார்கள். 1977இல் வந்த கமடோர் பெட், சீட்டுக்கட்டின் நான்கு சின்னங்களையும் கோட்டுத் துண்டுகளையும் சேர்த்துக்கொண்டது. அதே ஆண்டின் ஆப்பிள் 2 ஆங்கிலச் சிறிய எழுத்துகளையே விட்டுவிட்டது. 1982இல் பிரிட்டனில் வந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் ஓரிடத்தில் பவுண்டுக் குறியை வைத்தது. பெரிய எழுத்துகளோடு மட்டும் ஆங்கிலத்தையே விற்க முடிந்த காலத்தில், தமிழுக்கு இடம் கேட்பார் எவரும் அந்த அறைகளில் இருந்திருக்க முடியாது.

ஆனாலும் ஸ்பெக்ட்ரம் ஒரு சிறு வாசலைத் திறந்து வைத்திருந்தது. அதன் நிலைநினைவகத்தில் 96 எழுத்துகள், எழுத்துக்கு எட்டு பைட் வீதம், 768 பைட்டுகளில் அடங்கியிருக்க, பயனர் தாமே வரைந்துகொள்வதற்கென்று 21 இடங்கள் தனியே விடப்பட்டிருந்தன. ஒவ்வோர் இடமும் எட்டு வரிசை, எட்டு நிரல் கொண்ட கட்டம். புள்ளி எரியும் இடத்தை ஒன்று என்றும் எரியாத இடத்தைச் சுழி என்றும் கொண்டு, வரிசைக்கு ஓர் எண்ணாகக் கணக்கிட்டுத் தந்தால் வடிவம் தயாராகிவிடும். பகரத்தை எழுத 0, 66, 66, 66, 66, 66, 126, 0 என்ற எட்டு எண்கள் போதும்: 66 என்பது இரு பக்கக் கோடுகள், 126 என்பது அடிக்கோடு. முதல் வரிசையின் சுழியை 24 ஆக்கினால் தலையில் புள்ளி ஏறி ‘ப்’ ஆகிவிடும். பகரம் இடம் கொடுக்கும் எழுத்து. ககரத்திற்கு மேற்கோடு இருப்பதால் புள்ளிக்கும் அதற்கும் இடையே ஒரு வரிசையையும், கீழ்வரி முட்டாதிருக்கக் கடைசி வரிசையையும் வெறுமையாக விட வேண்டும்; எஞ்சும் ஐந்து வரிசைகளுக்குள் ககரத்தின் வளைவும் வாலும் அடங்கியாக வேண்டும். மூன்று சுழி ணகரத்தை எட்டு நிரலுக்குள் திணிப்பவர் ஒரு சுழியைக் காவு கொடுக்காமல் தப்புவது அரிது. அப்படிக் கொடுத்தால் அது இரண்டு சுழி னகரமாகிவிடும். மணம் மனமாவது எழுத்துப்பிழையாக இருந்த நிலை மாறி, கட்டத்தின் பிழையாகிறது.

இடப்பற்றாக்குறை அதைவிடக் கொடியது. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று எனத் தமிழ் எழுத்துகள் 247. ஸ்பெக்ட்ரம் தந்தது 21. கொம்பு, கால், புள்ளி ஆகியவற்றைத் தனித்தனிக் கட்டங்களில் வைத்து அடுக்கலாம் என்பது ஒரு வழி. ஜப்பானியர் 1969இல் தரமாக்கிய எட்டு பிட் தொகுதியில் கதகனா எழுத்துகளை மேற்பாதியில் அமர்த்தி, ஒலிப்பை மாற்றும் இரு சிறு குறிகளுக்குத் தனி இடம் தந்தது இவ்வகைதான். எழுத்தின் தலைமேல் இருக்க வேண்டிய குறி பக்கத்துக் கட்டத்தில் போய் நின்றதை அவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். ‘பு’, ‘கு’, ‘து’ என்று உகரம் எழுத்துக்கு எழுத்து வேறு உருவம் கொள்ளும் தமிழில் அந்தப் பொறுமையும் போதாது.

மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு போன்ற மென்பொருள்களும், பின்னர் வந்த எழுத்துருக்கள் பலவும், ஆங்கிலத்தைக் கீழ்ப்பாதியில் விட்டுவைத்தோ அதன் இடங்களையே எடுத்துக்கொண்டோ தமிழைக் கணினியில் குடியேற்றின. ஆளுக்கொரு பட்டியல் ஆனதால், ஒருவர் எழுதியது இன்னொருவர் திரையில் உச்சிக்குறியிட்ட ஐரோப்பிய எழுத்துகளின் கூட்டமாகத் தெரிந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு, தமிழ்நாட்டு அரசு ஏற்ற தரமே டாம், டாப் என இரண்டாக இருந்தது. இணையத்தில் திஸ்கி மூன்றாவதாக நின்றது. ஒன்றுபடுவதற்காகக் கூடி மூன்றாக எழுந்திருப்பது தமிழ்ச் சபைகளுக்குப் புதிதன்று.

இந்திய அரசின் 1991ஆம் ஆண்டு இஸ்கி தரம் வேறு வழியில் போயிற்று. இந்திய எழுத்துகளெல்லாம் பிராமியின் வழிவந்தவை என்பதால் எல்லாவற்றுக்கும் ஒரே வரிசை என்று கொண்டது. அவ்வரிசையை, உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான தொகுதியாகிய யூனிகோடும் ஏற்றது. அதன் தமிழ்ப் பகுதியின் 128 இடங்களில், தமிழில் இல்லாத வர்க்க எழுத்துகளுக்குரியவை இன்றும் காலியாகக் கிடக்க, தேவநாகரிப் பகுதியிலோ ழ, ற, ன ஆகியவற்றுக்கு இணையாக, அடியில் புள்ளியிட்ட மூன்று எழுத்துகள் அமர்ந்திருக்கின்றன. ஆரம்பக் கணினியில் இடமின்றித் தவித்த எழுத்துகள் அயலார் வீட்டிலும் அறை பெற்றது வேடிக்கைதான்.

2010இல் யூனிகோடில் பிராமி எழுத்து சேர்ந்தபோது பழந்தமிழ் ழ, ற, ன மூன்றும் அதனுடன் வந்தன. தமிழ் பிராமிக்குரிய புள்ளியும், குறில் எகர ஒகரங்களும், பழந்தமிழ் ளகரமும் 2021 வரை காத்திருந்தன.