டோட்டோரோ பெயரில் காடு!
டோக்கியோவிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் டோகோரோஸாவா ஊர் வந்துவிடும். அதையொட்டிய சயாமா குன்றுகள்தான், ஹயாவ் மியாசாகி 1988-ல் எடுத்த ‘மை நெய்பர் டோட்டோரோ’ கார்ட்டூன் படத்துக்குக் கரு தந்த இடங்களில் ஒன்று.

மரங்களை வெட்டி மனை போட்டுவிடுவார்களோ என்று பயந்தவர்கள், 1990-ல் அந்தத் தொந்திக்கார வனதேவதையின் பெயரிலேயே நிதி திரட்டினார்கள். மியாசாகியும் கை கொடுத்தார். 1991-ல் முதல் துண்டு நிலம் வாங்கினார்கள். இன்று 50-க்கும் மேல்! எல்லாமே ‘டோட்டோரோ காடு’தான், நம்பர் மட்டும் வேறு.

உள்ளே ஓக் மரங்கள், சருகுகள், அவ்வளவுதான். தன்னார்வலர்கள் வந்து புதர் வெட்டிப் பராமரிக்கிறார்கள். குழந்தைகள் ஏமாந்துபோனால் ‘குரோசுகே வீடு’க்கு அழைத்துப் போங்கள். அந்தப் பழைய வீட்டுக்குள் டோட்டோரோ ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறார். திறந்திருக்கும் நாளை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.