ஒத்திவைக்க இயலாத பருவம்

பருவம் என்னும் சொல் தமிழில் இரு பொருள் தாங்கி நிற்பது. விதைப்புக்கும் அறுப்புக்கும் உரிய காலத்தை உழவர் பருவம் என்பர்; மனித வாழ்வின் படிநிலைகளையும் பருவம் என்றே வழங்குவர். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் காப்பு முதலாகப் பத்துப் பருவங்களை வகுத்து வைத்தனர். செங்கீரை ஆடும் குழந்தையைச் சிறுதேர் உருட்டச் சொல்வாரில்லை. சிறுதேர் உருட்டும் பிள்ளையை மீண்டும் செங்கீரை ஆடச் சொல்வாரும் இல்லை. வயலின் பருவம் தவறினால் அடுத்த போகத்தில் விதைத்துக் கொள்ளலாம். வயதின் பருவம் தவறினால் அதற்கு மறுபோகம் இல்லை.

நம் கல்லூரியின் யூபிலி மலருக்கு உதைபந்தாட்டம் பற்றி எழுதப் புகுந்தவிடத்து, இவ்விரு பொருளும் ஒருங்கே நம் உள்ளத்தில் தோன்றின. 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் கொவிட் பெருந்தொற்று, உலகெங்கும் உதைபந்தாட்டப் பருவத்தை நிறுத்தியது. நின்றுபோன ஆட்டங்கள் பல பின்னர் ஆடப்பட்டன. ஆயினும் அவற்றை ஆடவிருந்த பாடசாலைப் பிள்ளைகளின் பருவம் எவருக்காகவும் காத்து நிற்கவில்லை. இவ்வொன்றையே இக்கட்டுரையிற் கூற விரும்புகின்றோம்.

தமிழாசிரியர்க்கும் பந்துக்கும் யாது தொடர்பு எனச் சிலர் வினவக்கூடும். நாம் பணிபுரியும் கட்டைபறிச்சான், கொட்டியாரக் குடாவின் தெற்கே, மூதூரிலிருந்து சம்பூர் செல்லும் வழியில் அமைந்த சிற்றூர். சிற்றூர்ப் பாடசாலைகளில் ஆசிரியர் தொகை சிறிதாதலின், காலையில் புணர்ச்சி விதி கற்பிப்பவரே மாலையில் விசிலுடன் மைதானத்தில் நிற்க நேரும். அவ்வாறு நின்ற ஆண்டுகளே இதனை எழுதும் உரிமையை நமக்குத் தந்தன.

எம்மூரில் உதைபந்தாட்டத்துக்கென வாய்க்கும் காலம் மிகக் குறுகியது. ஐப்பசியில் வடகீழ்ப் பருவமழை தொடங்கினால் தை பிறக்கும் வரை மைதானம் நீரால் நிறைந்து கிடக்கும். ஆண்டின் தொடக்கத்தில் இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் நடைபெறும். பெரும்போக அறுவடை முடிந்த பின்னரே வெளிகள் காய்ந்து, பிள்ளைகளின் கால்களுக்கு இடம் கிடைக்கும். சித்திரைப் புத்தாண்டை ஒட்டி ஊர்க் கழகங்களின் சுற்றுப்போட்டிகள், அவற்றை அடுத்துப் பாடசாலைப் போட்டிகள், ஆவணியில் உயர்தரப் பரீட்சை, மீண்டும் மழை. பெருந்தொற்றுக்கு முன்னர் இதுவே நாம் அறிந்திருந்த ஒழுங்கு. இவ்வொழுங்கில் ஒரு திங்கள் பிசகினாலும், அதனை ஈடுசெய்யும் வெற்றிடம் ஆண்டில் வேறெங்கும் இல்லை.

2020 மார்ச்சு மாதத்தில் பிசகியது ஒரு திங்கள் அன்று. அம்மாதம் 13 ஆம் நாள் முதல் பாடசாலைகள் மூடப்பட்டன. 20 ஆம் நாள் மாலை நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறந்தது. சித்திரைப் புத்தாண்டு வீட்டுக்குள்ளேயே கழிந்தது. யூலையில் வகுப்புகள் படிப்படியாகத் திறக்கப்பட்டன. ஒக்டோபரில் மினுவாங்கொடையில் தொற்று மீண்டும் பரவத் தொடங்கவே மறுபடியும் மூடப்பட்டன. 2021 ஏப்பிரல் இறுதியில் மூன்றாவது அலை எழுந்தது; அவ்வாண்டு ஒக்டோபர் 21 ஆம் நாள்தான் இருநூறு மாணவர்க்குக் குறைந்த பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவுகள் முதலிற் கதவு திறந்தன. இந்நோயால் இலங்கையில் 16,000 க்கு மேற்பட்டோர் உயிர் நீத்தனர். ஆதலின் மைதானங்களை மூடியது தகாத செயல் என நாம் ஒருபோதும் கூறோம். மூடவேண்டியதே முறை. மூடியதன் விலையை யார் கொடுத்தனர் என்பதைக் கணக்கிற் சேர்க்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

போட்டி அட்டவணை வெளிப்பார்வைக்கு நாள்களின் நிரல் எனத் தோன்றினும், உள்ளே அது சங்கிலி போன்றது. லீக் முறையில் பத்து அணிகள் ஒவ்வொன்றும் ஏனைய அணிகளை ஒருமுறை எதிர்த்தாடுவதற்கு 45 ஆட்டங்கள் வேண்டும். பாதியில் நின்றால், ஓர் அணி வலிய அணிகளை மட்டும் சந்தித்திருக்கும். மற்றோர் அணி மெலிய அணிகளை மட்டும் சந்தித்திருக்கும். புள்ளிகளை ஒப்பிடுதல் நீதியாகாது. விலகல் முறையில் 16 அணிகளுக்கு 15 ஆட்டங்களே போதும். ஆயின் அங்கே ஓராட்டம் தடைப்பட்டால் அதன் வெற்றியாளருக்காக அடுத்த சுற்று முழுவதும் காத்திருக்கும். முன்னது நேரத்தை விழுங்கும். பின்னது ஒரு கண்ணி அறுந்தாலும் நின்றுவிடும்.

செல்வம் மிக்க நாடுகளும் இச்சிக்கலுக்கு ஒரே விடை காணவில்லை. இங்கிலாந்தின் முதன்மை லீக் 2020 மார்ச்சு 13 ஆம் நாள் 92 ஆட்டங்கள் எஞ்சிய நிலையில் இடைநிறுத்தப்பட்டு, யூன் 17 ஆம் நாள் பார்வையாளர் அற்ற அரங்குகளில் மீண்டும் தொடங்கி நிறைவெய்தியது. லிவர்பூல் வாகை சூடியது. பிரான்சு நாட்டார் ஆட்டத்தை அத்துடன் முடித்து, ஆடிய ஆட்டங்களுக்குப் பெற்ற புள்ளிகளின் சராசரியைக் கொண்டு பாரிசு அணிக்குப் பட்டத்தை வழங்கினர். ஒல்லாந்து நாட்டிலோ அயக்ஸ், ஏ இசட் ஆகிய இரு அணிகளும் 56 புள்ளிகளுடன் சமநிலையில் நிற்க, அவ்வாண்டுக்கு வாகையர் எவரும் இலர் என அறிவித்தனர். அண்டை நாடான இந்தியாவில், சென்னையின் கழகம் மோதிய இந்தியன் சுப்பர் லீக் இறுதியாட்டம் 2020 மார்ச்சு 14 ஆம் நாள் கோவாவின் மட்காவில் ஆளற்ற அரங்கில் நிகழ்ந்தது, கொல்கத்தாவின் ஏ.ரி.கே. அணி 3 - 1 என வென்றது. கோல் விழுந்தபோது ஆரவாரம் செய்ய ஆளில்லை.

நம் நாட்டு அணிக்கும் அட்டவணை குலைந்தது. உலகக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டங்கள் ஓராண்டுக்கு மேல் ஒத்திவைக்கப்பட்டன. வடகொரியா 2021 மே மாதம் போட்டியினின்றும் விலகிற்று. எஞ்சிய ஆட்டங்கள் யாவும் ஒரே நாட்டில் நடத்தப்பட்டமையால், தன் மண்ணில் ஆடவேண்டிய ஆட்டத்தையும் இலங்கை தென்கொரியாவின் கோயாங் நகரிலேயே ஆடியது. அங்கே லெபனானை எதிர்த்து வசீம் ராசிக் இரு கோல்கள் போட்டும் 2 - 3 எனத் தோற்றோம். 2020 இல் டாக்காவில் நடைபெறவிருந்த தெற்காசியப் போட்டி, 2021 ஒக்டோபரில் மாலைத்தீவில் நடந்தேறியது.

இவ்வாறு காலந்தாழ்த்தி ஆடுதல் புதுவழக்கமும் அன்று. 1918 ஆம் ஆண்டு இன்புளுவன்சாக் காய்ச்சல் பரவியபோது, ரியோ நகரில் நடைபெறவிருந்த தென்னமெரிக்கப் போட்டி 1919 மே மாதத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. ஒரு நூற்றாண்டு கழித்து, ஐரோப்பியக் கிண்ணப் போட்டி 2020 என்னும் பெயரை விடாமலே 2021 இல் ஆடப்பட்டது. முதிர்ந்த ஆட்டக்காரருக்கு ஓராண்டுத் தாமதம் பேரிழப்பு ஆவதில்லை. இருபத்தாறு வயதிற் போடவேண்டிய கோலை இருபத்தேழிலும் போடலாம்.

இளையோர் செய்தி அவ்வாறன்று. 2021 இல் நிகழவிருந்த 17 வயதுக்குட்பட்டோர், 20 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணப் போட்டிகள் இரண்டும் 2020 திசம்பரில் அறவே நீக்கப்பட்டன. இந்தியாவில் நடைபெறவிருந்த 17 வயதுக்குட்பட்ட மகளிர் உலகக் கிண்ணம் முதலில் 2020 இலிருந்து 2021 க்கு ஒத்திவைக்கப்பட்டது. பின்பு அதுவும் கைவிடப்பட்டது. 2022 ஒக்டோபரில் அப்போட்டி இந்தியாவில் நடைபெறத்தான் செய்தது. ஆயின் 2020 ஐ எண்ணிப் பயின்ற சிறுமியர்க்கு அதற்குள் வயது கடந்துவிட்டது. போட்டி திரும்பி வந்தது. அவர்கள் ஆடும் வாயில் திரும்பி வரவில்லை.

இந்நிலையை நம்மூர் அளவிற் பார்ப்போம். 2002 ஆம் ஆண்டு பிறந்த மாணவன் ஒருவன், 2021 ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சைக்கு உரியவன். பாடசாலை அணியில் அவன் முன்னின்று ஆடவேண்டிய ஆண்டுகள் 2020, 2021 என்னும் இரண்டுமே. அவ்விரண்டிலும் ஆட்டம் இல்லை. அவனது பரீட்சையும் ஆவணியில் நிகழாது 2022 பெப்புருவரியில் நடைபெற்றது. மைதானங்கள் திறந்தபோது அவன் புத்தகத்தோடு அமர்ந்திருந்தான். புத்தகத்தை மூடியபோது அவன் மாணவன் அல்லன்.

அத்தகைய ஒருவனை நாம் அறிவோம். கோல் காப்பவன், நெடிய கைகள் உடையவன். 2020 பெப்புருவரியில் அவனை அணித்தலைவனாகத் தெரிந்திருந்தோம். ஊரடங்கின்போது கிழமைக்கு ஒருமுறையேனும் தொலைபேசியில் அழைப்பான். "சேர், புது அட்டவணை வந்திட்டுதா?" என்பதே அவன் வினவும் முதல் வினா, பாடம் பற்றிய வினாக்கள் அதன் பின்னரே வரும். "இன்னும் இல்லைத் தம்பி" என்போம். பின்னர் திங்களுக்கு ஒருமுறை அழைத்தான். பரீட்சை முடிந்து சில நாள்களில் விடுகைப் பத்திரம் பெறும்பொருட்டுப் பாடசாலைக்கு வந்தான். மேலும் உயர்ந்திருந்தான், தகப்பனாரோடு வயல் வேலைக்குப் போவதாகக் கூறினான். கையொப்பமிட்டுப் பத்திரத்தைப் பெற்றுக்கொண்டு, மைதானத்தின் குறுக்கே நடந்து சென்றான். அட்டவணை பற்றி அன்று அவன் ஒன்றும் கேட்கவில்லை. அக்கேளாமை எம்மை வருத்தியதுபோல் அவனது பழைய கேள்விகள் வருத்தியதில்லை.

ஒரு விளையாட்டுக்காக இத்துணை இரங்குவதா எனின், எம்மூரார் இழந்த பருவங்களின் அருமையை நன்கறிந்தவர்கள். 2004 இல் ஆழிப்பேரலை வந்தது. 2006 இல் போர் மூதூர்க் கிழக்கு மக்களை ஊரோடு பெயர்த்தது. சம்பூர் மக்கள் பலர் கட்டைபறிச்சான் முதலிய இடங்களின் முகாம்களில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தனர். அம்முகாம்களில் வளர்ந்த பிள்ளைகளுக்குக் கூடாரங்களின் இடைவெளியே மைதானம். மைதானம் என்பது பிள்ளை தன் ஊரைத் தன் ஊரென உணரும் முதலிடம் என்பதை நாம் அங்கே கண்டோம். பந்தைத் துரத்தும் பிள்ளை தோல்வியைத் தாங்கவும், மத்தியஸ்தரின் தீர்ப்புக்கு அடங்கவும், மூதூரிலிருந்து வந்த இசுலாமியத் தோழனோடு கைகுலுக்கவும் கற்கின்றான். அப்பாடத்தை வகுப்பறையில் நடத்தும் வல்லமை நமக்கில்லை.

இனிச் செய்யத்தக்கது யாது? டோக்கியோ ஒலிம்பிக் ஒரு நல்வழியைக் காட்டிற்று. ஆடவர் உதைபந்தாட்டத்துக்கு 23 என இருந்த வயதெல்லை, போட்டி 2021 க்குத் தள்ளப்பட்டபோது 24 ஆக உயர்த்தப்பட்டது. காலத்தைத் தள்ளியவர்கள் வயதையும் உடன் தள்ளினர். ஆதலின் தகுதி பெற்றிருந்த எவனும் நாளின் பிழையால் வெளியேற்றப்படவில்லை. பாடசாலைப் போட்டிகளிலும் பேரிடர் நேர்ந்த ஆண்டை அடுத்து இவ்வாறு செய்தல் ஆகாதா என்பது எண்ணத்தக்கது. இதற்குத் தடையும் உண்டு. மூத்தவன் ஓராண்டு கூடுதலாக நின்றால் இளையவனின் இடம் குறையும். பதினைந்து வயதினனைப் பதினெட்டு வயதினனோடு மோதவிடுதல் உடலுக்கும் தீங்கு. ஆதலின் பழைய பிரிவுகளை அவ்வாறே வைத்து, பருவம் இழந்தோர்க்கெனத் தனியாக ஒரு சிறு போட்டி நடத்துதலே சாலச் சிறந்தது. எட்டு அணிகள் விலகல் முறையில் ஆடினால் ஏழே ஆட்டங்கள். மூன்று நாள்களில் நிறைவுறும். அதற்குப் பெருஞ்செலவு இல்லை. மனம் ஒன்றே வேண்டும்.

அந்த மனம் பழைய மாணவர்க்கு உண்டு என்னும் துணிவினால் இரண்டு வேண்டுகோள்களை இம்மலர் வாயிலாக முன்வைக்கின்றோம். ஒன்று, 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் அணியில் இடம்பெற்றிருந்தும் ஆடப்பெறாத இளைஞரை அழைத்து, இந்த யூபிலி ஆண்டிலேயே திருகோணமலையில் ஓராட்டம் நடத்துக. அவர்கள் இன்று பழைய மாணவர், சிலர் கடல் கடந்தும் போயிருப்பர், வரக்கூடியவர் வரட்டும். நகரத்து அணியோடு மூதூர்ப் பக்கத்துச் சிற்றூர்ப் பிள்ளைகளையும் சேர்த்துக் கொள்க. 2022 இல் எரிபொருள் தட்டுப்பாட்டினால் பேருந்தும் கிடையாது, தொற்றுக்குப் பின்னும் ஓராண்டு வீட்டிலிருந்தவர் அவர்கள்.

மற்றொன்று, பாடசாலை மண்டபங்களில் அணித்தலைவர் பெயர்களைப் பொறிக்கும் பலகைகள் உண்டு. அவற்றில் இவ்விரு ஆண்டுகளுக்கும் நேரே வெறுமையை விடாதீர்கள். ஆடாத ஆண்டாயினும், தலைவனாகத் தெரியப்பட்டவன் பெயரை எழுதுக. அதன் கீழே, பெருந்தொற்றினால் ஆட்டம் நிகழவில்லை என ஒரு வரி சேர்க்குக. பின்வரும் மாணவன் அதனைப் படித்து, ஏன் என்று வினவுவான். அவ்வினாவுக்கு விடை கூறும் ஆசிரியர், நோய் வந்த காலத்தில் மூத்தோர் உயிரைக் காக்கும்பொருட்டுத் தம் விளையாட்டைக் கொடுத்த பிள்ளைகள் சிலர் இருந்தனர் எனக் கூறட்டும். அவர்கள் விரும்பிக் கொடுத்தார்களோ அன்றோ, கொடுத்தவர்கள் அவர்களே.

கோணேசர் திருவருளால் நம் கல்லூரி மேன்மேலும் ஓங்குக. அதன் மைதானத்தில் மாலைதோறும் பிள்ளைகளின் குரல் ஒலிக்க. அட்டவணை எழுதுவோர், நாளை எண்ணும்போது பிள்ளையின் வயதையும் எண்ணி எழுதுக.