கேள்வியும் பதிலும் ஒண்ணா ஒலிச்சா...

மேற்கத்திய சாஸ்திரிய இசைன்னாலே ஓடற ஆளா நீங்க? ரெண்டு நிமிஷம் இருங்க. நமக்குத் தெரிஞ்ச சங்கராபரணத்துல இருந்தே ஆரம்பிக்கலாம் :-)

அவங்க மேஜர் ஸ்கேலும் சங்கராபரணமும் அதே ஏழு ஸ்வரம்தான் (கமகத்தை இப்போதைக்கு விட்டுடுங்க). ஸ-க-ப மூணையும் சேர்த்து வாசிச்சா ஒரு கார்ட். அதுதான் வீடு. ப-நி-ரி இன்னொரு கார்ட். அது கேள்வி மாதிரி; வீட்டுக்குப் போனாத்தான் அதுக்குப் பதில். மொசார்ட், பீத்தோவன் இசையெல்லாம் ஓடறது இந்த இழுப்புலதான்.

20ஆம் நூற்றாண்டுல ஷோன்பெர்க் 12 ஸ்வரத்துக்கும் சம உரிமை கொடுத்து, வீடே வேண்டாம்னுட்டார். வேற சிலர் அதே ஏழு ஸ்வரத்தோட இருந்தாங்க. ஆனா எதை எதோட வேணாலும் சேர்க்கலாம். உரசினா உரசட்டும், தீர்த்து வைக்க வேண்டியதில்லை. இதுக்கு 1937ல நிக்கோலஸ் ஸ்லோனிம்ஸ்கி வச்ச பேரு பான்டயடோனிசிசம். பேருதான் பயமுறுத்தும், சத்தம் பயமுறுத்தாது.

சந்தேகமா இருந்தா ஆரன் கோப்லாண்டோட 'அப்பலாச்சியன் ஸ்பிரிங்' கேளுங்க. மார்த்தா கிரஹாமோட நடனத்துக்காக எழுதினது. 1944 அக்டோபர்ல வாஷிங்டன்ல அரங்கேறினப்போ 13 வாத்தியம்தான். அடுத்த வருஷம் புலிட்சர் பரிசு வாங்கிச்சு.

அதோட ஆரம்பத்துல கோப்லாண்ட் பண்ணினது ரொம்ப எளிமை. ஸ-க-ப மேலயே ப-நி-ரியையும் மெதுவா வந்து படிய விட்டார். கேள்வியும் பதிலும் ஒரே நேரத்துல! ஸவும் நியும் உரசத்தான் செய்யுது. ஆனா இழுப்பு இல்ல, அவசரம் இல்ல. விடியற்காலை வயல்வெளி மாதிரி அப்படியே நிக்குது.

"வெள்ளைக் கட்டையை மட்டும் கண்டபடி அடிச்சா இசையா?"ன்னு ஒரு நண்பன் கேட்டான். கண்டபடி இல்லடா. எந்த ஸ்வரம் மேல, எது கீழ, நடுவுல எவ்வளவு இடைவெளின்னு கணக்கு பிசகினா வெறும் கூழாயிடும்.

பொட்டி தட்டுற பொழப்புல எதையும் திறந்தா மூடணும். பக் மூடணும், டிக்கெட் மூடணும். வீட்டுலயும் ஒண்ணு திறந்தே கிடக்கு: கையில வெளிநாட்டு வேலை, ஊர்ல தனியா அம்மா. போகணும்னும் இருக்கு, கூடாதுன்னும் இருக்கு. அடுத்த வாரம் ஒரு பதில் சொல்லியாகணும். அதுவரைக்கும் ரெண்டும் சேர்ந்தே ஒலிக்கட்டும்னு இருக்கேன். கோப்லாண்ட் கேட்டா அது ஒண்ணும் அபஸ்வரமாத் தெரியல.