அடகுச் சீட்டை யார் எழுதணும்?

பி.எச்.பியில என்டிட்டி கிளாஸ் எழுதறவங்களுக்கு என்னைக்காவது இந்தக் கேள்வி வந்தே தீரும். ஆப்ஜெக்டை உருவாக்கற வேலையை எங்கே வைக்கிறது? கன்ட்ரோலர்லயா, கிளாஸுக்குள்ளயா, தனி ஃபேக்டரியிலயா?

எங்க வடக்குத்துல ஒரு அடகுக் கடை. யாரோ எழுதிக் கொடுத்த புரோகிராமைப் பார்த்துத் தரச் சொன்னாங்க. காலியா ஒரு சீட்டை 'நியூ' போட்டு, அப்புறம் எடை, தொகை, தேதின்னு செட்டர் செட்டரா நிரப்பியிருக்கு. அதுவும் நாலு ஃபைல்ல. ஒண்ணுல எடைக்கான வரியே இல்ல! எடை இல்லாத சீட்டோட ஒரு அம்மா வீட்டுக்குப் போயிருக்காங்க. மீட்க வரும்போது ரெண்டரை பவுன்னு அவங்க சொன்னா, அத்தாட்சி ஏதுங்க?

நெய்வேலி சுரங்க வாசல்ல சி.ஐ.எஸ்.எஃப். காவலர் பாஸைப் பார்த்துத்தான் உள்ளே விடுவார். கன்ஸ்ட்ரக்டர் அந்த வாசல் மாதிரி. எடையும் தொகையும் இல்லாம சீட்டே பிறக்கக் கூடாது.

சரி, புது அடகு, திருப்பி வைக்கிறது, பழைய நோட்டுலேர்ந்து ஏத்தறதுன்னு மூணு வழி இருக்கே? பி.எச்.பியில ஒரு கிளாஸுக்கு ஒரே கன்ஸ்ட்ரக்டர்தான். அதனால அதை பிரைவேட் ஆக்கிட்டு, மூணு ஸ்டாடிக் மெத்தட் வைங்க. 'அடகுச்சீட்டு::பழையநோட்டிலிருந்து()'ன்னு தமிழ்லயே பேர் வைக்கலாம், பி.எச்.பி ஏத்துக்கும் :-)

ஆனா அடுத்த சீட்டு நம்பரை டேட்டாபேஸ்ல கேக்கணும், அன்னைக்குத் தங்க விலை வேணும்னா? அது என்டிட்டியோட வேலை இல்ல. அதை எல்லாம் ஃபேக்டரி வாங்கி வந்து, மதிப்பா மட்டும் உள்ளே கொடுக்கட்டும். அப்பதான் டேட்டாபேஸ் இல்லாமலே கிளாஸை டெஸ்ட் பண்ண முடியும்.

"கன்ஸ்ட்ரக்டர்ல இன்னைக்குத் தேதி போட்டா, பழைய சீட்டை எடுக்கும்போது தேதி மாறிடாதா?"ன்னு கேப்பீங்க. டாக்ட்ரின்ல மாறாது. டேட்டாபேஸ்லேர்ந்து எடுக்கும்போது அது கன்ஸ்ட்ரக்டரைக் கூப்பிடறதே இல்ல. அதனால ஏற்கெனவே உள்ள எடையில்லாச் சீட்டுகளையும் அது பிடிக்காது. அதுங்களைத் தனியாத் தேடிச் சரி பண்ணணும்.

2020ல வந்த பி.எச்.பி 8.0ல கன்ஸ்ட்ரக்டர் வரியிலயே ப்ராப்பர்ட்டியையும் அறிவிச்சுடலாம். நிறைய டைப் பண்ணணுமேங்கற சாக்கும் போச்சு!