கேக்கின் மேல் ஒரு காகித ரோஜா

என் பேத்தியின் முதல் பிறந்த நாளுக்கு, கீழ்பென்னாத்தூரில் எங்கள் வீட்டிலேயே கேக் செய்தேன். ஆசையாகச் செய்தது மொட்டையாக இருக்கிறதே என்று, கொல்லையில் நாலு செவ்வரளிப் பூவைப் பறித்து வந்து மேலே செருகினேன். சுவாமிக்கு வைக்கிற பூதானே!

உள்ளே நுழைந்த எதிர்வீட்டு நர்ஸம்மா பதறிவிட்டார். "என்னக்கா இது! அரளியைப் போய்ச் சாப்பிடுற பொருள்மேல வைக்கிறீங்களே! இலை, பூ, வேர் எல்லாமே விஷமாச்சே. இதயத்தையே பாதிக்கும்."

எனக்குக் கைகால் உதறிப்போயிற்று. விதை விஷம் என்று தெரியும். பூவைப் பற்றி யார் யோசித்தது? கேரளத்தில் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு, 2024 மே மாதத்தில் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப் பூ வேண்டாம் என்று நிறுத்திவிட்டதையும் அவர்தான் சொன்னார். கேக்கை அப்படியே குழி தோண்டிப் புதைத்தேன். அன்று குழந்தைக்கு ரவா கேசரிதான்.

அடுத்த பிறந்த நாளுக்கு முன்பே என் மருமகள், "அத்தை, சாப்பிடற காகிதத்திலேயே பூ பண்ணலாம்" என்று வேஃபர் பேப்பர் வாங்கி வந்தாள். உருளைக்கிழங்கு மாவு, தண்ணீர், கொஞ்சம் எண்ணெய் சேர்த்துச் செய்கிற மெல்லிய தாள். காகிதத்தையா தின்பது என்று சிரித்தேன். ஆனால் ஆந்திராவின் ஆத்ரேயபுரம் பூதரேகுலு மட்டும் என்னவாம்? கவிழ்த்த பானைச் சூட்டில் அரிசி மாவுக் கரைசலை ஏடாக எடுத்து, நெய்யும் சர்க்கரையும் வைத்து மடிக்கிறார்கள். 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடே கிடைத்தது!

செய்முறை சுலபம். தாளைச் சிறிதும் பெரிதுமாக இதழ்களாகக் கத்தரியுங்கள். கொதிநீர் ஆவியில் இரண்டு விநாடி காட்டினால் துவளும். உடனே ஸ்பூன் காம்பில் சுருட்டி வளையுங்கள். சின்ன இதழை உள்ளேயும் பெரியதை வெளியேயும் வைத்து ஒட்டவேண்டும். பிரஷ்ஷில் தொட்ட ஈரமே பசை. தண்ணீர் கூடினால் கரைந்துவிடும். என் முதல் ரோஜா கையிலேயே கூழாகிவிட்டது! உணவுக்கென்று விற்கும் கலர்ப் பொடியை உலர்ந்த பிரஷ்ஷால் தடவுங்கள். ஜிகினாத் தூள் வேண்டவே வேண்டாம். கம்பியும் பல் குத்தும் குச்சியும் குழந்தைகளுக்கு ஆபத்து, அவற்றைச் செருகாதீர்கள்.

நன்றாகக் காய்ந்ததும் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். மழைநாளில் வெளியே வைத்தால் பூ வாடினாற்போல் தொங்கிவிடும். கிரீமின் ஈரமும் அதற்கு ஆகாது. அதனால் கேக் வெட்டப்போகும் சமயத்தில்தான் பூவை மேலே வைக்கவேண்டும்.

இரண்டாவது பிறந்த நாளில் பேத்தி கேக்கைத் தொடவேயில்லை. முதலில் ரோஜாவின் இதழைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். நான் பதறாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். கொல்லையில் அரளி இன்னும் பூக்கிறது. அது சுவாமிக்கு மட்டும்தான், சகோதரிகளே!